முள் பொய் சொல்லுமா?

அறிவுக்கு நேரும் குற்றங்கள் மூன்று என்று நம் பெரியோர் வகுத்துள்ளனர். அவை ஐயம், திரிபு, தெளியாமை என்பன. சம்சயம், விபர்யயம், அநத்யவசாயம் என வடமொழி நூல்கள் இவற்றை வழங்கும். அந்தி மயங்கிய வேளையில் தொலைவில் நிற்பது கட்டையோ மனிதனோ என்று தயங்குவது ஐயம். கிடந்த கிளிஞ்சலை வெள்ளி என்றே துணிவது திரிபு. நடக்கையில் காலில் ஏதோ பட்டது என்னும் அளவோடு, இன்னதென அறிய முயலாமல் கடந்து செல்வது தெளியாமை. இவற்றை இளமையில் மனப்பாடம் செய்தேன். ஆனால் பொருள் விளங்கியது பல்லாண்டுகள் கழித்து, ஒரு பழைய கேமராவின் வாயிலாக.

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் நான் ஆசிரியையாகப் பணியாற்றிய காலம் அது. என் தமையனார் தந்த ஜெனித்-ஈ என்னும் ரஷ்யக் கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் நகரில் 1965 முதல் செய்யப்பட்ட வகை அது. லைட் மீட்டர் என்று கடைகளில் வழங்கும் ஒளிமானி அதனுள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. அதற்கு மின்கலம் வேண்டுவதில்லை. லென்சுக்கு மேலே நெற்றிப்பட்டை போன்ற ஒரு கண்ணாடி. அதன் பின்னே செலினியம் பூசிய தகடு. ஒளி பட்டால் தகட்டில் சிறிது மின்னோட்டம் பிறக்கும். அது ஒரு முள்ளை அசைக்கும். முள்ளின் மேல் சிறு வளையம் பொருந்துமாறு வட்டத்தைத் திருகினால், ஷட்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும், லென்சின் துளை எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தெரியும். செலினியம் ஒளிக்கு இசைந்து மாறும் இயல்புடையது என்பது 1873 ஆம் ஆண்டிலேயே அறியப்பட்ட செய்தி.

1984 நவம்பரில் குழந்தைகள் தினத்தன்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தேன். அன்று மலை முழுவதும் வெண்பனி மூடியிருந்தது. உடனிருந்த முதிய ஆசிரியர், “அம்மா, பின்னால் எல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. பிள்ளைகளின் முகத்தருகே சென்று அளவு பாருங்கள்” என்றார். எனக்கு அவசரம். நின்ற இடத்திலிருந்தே முள்ளைப் பார்த்து எடுத்துவிட்டேன். படம் கழுவி வந்தபோது பனி அழகாக விழுந்திருந்தது; முகங்கள் யாவும் நிழலாய் இருந்தன.

அவ்வாண்டு மார்கழியில் அப்பிள்ளைகளுள் ஒருவன் காய்ச்சலில் இறந்துபோனான். தை மாதம் அவன் தாய் தன் சிற்றூரிலிருந்து நடந்து பள்ளிக்கு வந்தாள். “டீச்சரம்மா, எம்புள்ள படம் இருக்குதாமே” என்று கேட்டாள். அவனை வேறு யாரும் படம் எடுத்ததில்லை. நான் அந்த அச்சைக் காட்டினேன். இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நின்ற கரிய உருவத்தை விரலால் தொட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான், “கேமராவில் மீட்டர் கெட்டுப்போயிற்று, அம்மா” என்றேன்.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் சேலத்துப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் அக்கேமராவைக் கொண்டு சென்றேன். அவர் தம்மிடமிருந்த வேறொரு ஒளிமானியோடு அதனை வெயிலிலும் நிழலிலும் அறையினுள்ளும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, “மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது, டீச்சர். நீங்கள் பனியைக் காட்டிக் கேட்டிருக்கிறீர்கள்; அது பனிக்கு விடை சொல்லியிருக்கிறது” என்றார்.

அவர் சொன்னதன் பொருளை விளக்குதல் வேண்டும். ஒளிமானி தன் முன்னுள்ள பொருளை அறியாது. அதிலிருந்து வரும் ஒளியை மட்டுமே அறியும். காண்பது எதுவாயினும், அது பதினெட்டு விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறப் பொருள் என்றே எண்ணி அளவு சொல்லும்படி அது அமைக்கப்பட்டுள்ளது. வெண்பனியைக் காட்டினால், ‘ஒளி மிகுதி, குறைத்துக்கொள்’ என்னும். அதன் சொற்படி செய்தால் பனி சாம்பலாகும். முன்னே நிற்கும் முகம் கருகும். கரும்பாறையைக் காட்டினால் இதற்கு மாறாக நிகழும். நம் மாவட்டத்துத் திருநறுங்கொண்டையில் பாறையில் புடைப்புருவாக நிற்கும் அப்பாண்டைநாதராகிய பார்சுவநாதப் பெருமானைக் கோயிலார் இசைவுடன் படம் எடுத்தபோது இதனை நேரிற் கண்டேன். முள் சொன்னபடி எடுத்த படத்தில் கருங்கல் வெளிறிச் சாம்பலாயிற்று. அளவைக் குறைத்து எடுத்த படத்தில் கல் கல்லாகவே நின்றது.

இது ஒளிமானியின் பொய் அன்று. அது ஒரு நயத்தில் நின்று பேசுகிறது. ‘ஒருவகையால் இப்படி’ என்று அது சொல்வதை ‘எவ்வகையாலும் இப்படியே’ என்று நாம் கொள்ளும்போதுதான் பிழை பிறக்கிறது. அநேகாந்தத்தை மேடையில் பேசுதல் எளிது. கையிலுள்ள கருவி எந்த நயத்தில் நின்று பேசுகிறது என்று கேட்டறிதலே அதன் பயிற்சி. முகத்தருகே சென்று அளவெடுத்திருக்கலாம். அல்லது அதே ஒளியில் என் உள்ளங்கையை நீட்டி, அதை மட்டும் அளந்து, ஒரு படி ஒளி கூட்டியிருக்கலாம். இரண்டும் நொடிப்பொழுதில் முடிவன.

ஆண்டுகள் பல சென்றபின் அந்த ஒளிமானி மெய்யாகவே பழுதுற்றது. ஈரமும் வெப்பமும் செலினியத் தகட்டை நாளடைவில் தளர்த்திவிடும். தொடுமுனைகளில் ஏறிய களிம்பே காரணமாயின் துடைத்துச் சீர்செய்யலாம். தகடே தளர்ந்திருந்தால் வேறு தகடு மாற்றுவதன்றி வழியில்லை. மூவகைக் குற்றத்தையும் நான் அக்கருவியிலேயே கண்டேன். முள் நடுங்கினால் அது ஐயம். உடனே எச்சரிக்கை அடைகிறோம். முள் அசையாது கிடந்தால் அது தெளியாமை. கருவியை ஒதுக்கிவிட்டு வேறு வழி தேடுகிறோம். முள் நடுங்காமல், உறுதியாக, தவறான இடத்தில் நின்றால் அது திரிபு. மூன்றினும் கொடியது இதுவே. ஏனெனில் சரியான முள்ளும் தவறான முள்ளும் பார்வைக்கு ஒன்றுபோலவே நிற்கும். ஐவகை ஞானங்களுள் மதி, சுருதம், அவதி என்னும் முதல் மூன்றும் திரிபடையக்கூடும் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை இங்கு நினைத்தல் தகும்.

திரிபை அறிவது எங்ஙனம்? கருவியைக் கொண்டே கருவியைச் சோதிக்க இயலாது. புறத்தே ஓர் உரைகல் வேண்டும். மேகமற்ற நண்பகல் வெயில் அத்தகைய உரைகல். துளையை 16 என்னும் எண்ணில் வைத்தால், பிலிமின் வேக எண் 100 ஆயின் நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு ஷட்டர் திறப்பது போதும் என்பது படமெடுப்போர் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. முள் அதனோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலில் மட்டுமன்றி நிழலிலும், நல்ல ஒளிமானி ஒன்றோடு ஒப்பிட வேண்டும். எங்கும் ஒரே அளவில் குறைத்துக் காட்டுமாயின், பழுது நீங்காவிடினும் திருத்திக் கொள்ளலாம். ஒரு படி குறைவாயின் வேக எண்ணை 100க்குப் பதில் 200இல் வைத்தாற் போதும். வெயிலில் ஒன்றும் நிழலில் வேறொன்றுமாகப் பிறழுமாயின் அத்திருத்தம் உதவாது. மனிதரிலும் இவ்வாறே. தன் குறை இன்னதென அறிந்தவன் அதற்கு ஈடுசெய்து வாழலாம். அறியாதவனுக்கு அவ்வழி இல்லை.

மற்றொரு வகை ஒளிமானியின் வரலாறும் நம் அறத்தோடு தொடர்புடையது. காட்மியம் சல்பைடு கொண்ட ஒளிமானிகள் பலவற்றுக்கு 1.35 வோல்ட் பாதரச மின்கலம் வேண்டியிருந்தது. தீரும்வரை அழுத்தம் மாறாது நிற்பது அதன் சிறப்பு. ஆனால் எறியப்பட்ட பாதரசம் நீரிற் கலந்து, மீனுடலில் ஏறி, உண்பாரையும் கெடுக்கும். ஜப்பானில் மினமாட்டா நோய் 1956இல் வெளிப்பட்டது. நம் கொடைக்கானலிலேயே பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, கழிவு வெளியே கிடந்தது தெரியவந்து, 2001இல் மூடப்பட்டது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதரசப் பொத்தான் மின்கலங்கள் விலக்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக 1.5 வோல்ட் கலத்தை இட்டால் பல கேமராக்களில் முள் பிறழும். அதனால் சிலர் காதுக்கருவிக்குரிய துத்தநாகக் காற்றுக் கலத்தை இடுகின்றனர். சிலர் அழுத்தத்தைக் குறைக்கும் டையோடு வைக்கின்றனர். துல்லியம் நல்லதே. ஆயினும் பல்லுயிர்க்கு நஞ்சாகும் துல்லியத்தை விடுத்து, திருத்தும் உழைப்பை நாம் ஏற்பதே கொல்லாமைக்கு உகந்தது.

இனித் தொடங்கிய இடத்திற்கு வருகிறேன். கருவியை நம்பிப் பிழைசெய்தவர்மேல் பழி உண்டா? உயிர்க்கேடு பற்றிப் பேசுமிடத்துத் தத்துவார்த்த சூத்திரம் பிரமத்த யோகத்தை, அதாவது கவனமற்ற செயற்பாட்டை, காரணமாக வைக்கிறது. அதே அளவுகோலை இங்கும் கொள்ளலாம். சோதித்து, கேட்டறிந்து, கவனத்தோடு செய்தும் தவறினால் பழி இல்லை. சோதியாமல், சொன்னார் சொல்லையும் கேளாமல் செய்துவிட்டுக் கருவியைப் பழித்தால், பிழை ஒன்று இரண்டாகிறது. அன்று முகம் கருகியது என் கவனமின்மை. ‘மீட்டர் கெட்டுப்போயிற்று’ என்றது என் பொய். அறியாததை அறிந்ததுபோல் சொல்லி, துயருற்ற ஒரு தாயின்முன் என்னைக் காத்துக்கொண்டேன்.

இதனினும் பெரிதொன்று பின்னர் உறைத்தது. சமவெளியிலிருந்து சென்ற நான், சமவெளிப் பிள்ளைகளைக் கொண்டு அமைந்த என் மனத்தின் நடுத்தரத்தை வைத்தே மலையாளி மக்களின் பிள்ளைகளை அளந்தேன். கேட்டவுடன் விடை சொல்லாத பிள்ளையை மந்தம் என்று மதிப்பேட்டில் எழுதினேன். இறந்த சிறுவனும் அப்படி எழுதப்பட்டவனே. ஒருநாள் காட்டில் அவன் மரங்களையும் கிழங்குகளையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொண்டே நடந்ததைக் கண்டும், ஏட்டில் எழுதியதை நான் மாற்றவில்லை. என் முள் நடுங்காமல் நின்றது.

அடுத்த கல்வியாண்டில் எனக்கு மாற்றல் வந்தது. அத்தாயிடம் உண்மையைச் சொல்லவே இல்லை. அந்த நெகடிவ் இன்னும் என்னிடம் உள்ளது. ஆனால் ஒளி பதியாத இடத்திலிருந்து முகத்தை எக்கைவினையும் மீட்டுத் தராது.

பிரதிக்கிரமணம் என்பது மீண்டு வருதல். விட்டு விலகிய இடத்திற்குத் திரும்பி, பிழையைப் பிழையென்று பெயரிட்டுச் சொல்லுதல் அதன் தொடக்கம். அதனால்தான் இதனை இப்பக்கங்களில் எழுதலானேன். நம் இல்லங்களில் இன்று பிள்ளைகள் கைப்பேசியில் படமெடுக்கின்றனர்; வெண்பனியின் முன் நிற்கும் முகத்தை அதுவும் சில வேளை கருக்கிவிடும். அப்போது அவர்களுக்குக் கருவியைத் திருத்தக் கற்றுக்கொடுங்கள். ‘நீ எதைக் காட்டிக் கேட்டாய்?’ என்ற வினாவையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

முள்ளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நமக்குத் தெரியும். ஆகவே நாள்தோறும் சோதிக்க வேண்டியது நம்மையே.