மண்ணுக்குள் இருந்த மூர்த்தி

1976இல் தஞ்சைப் பகுதியின் பத்தூரில் கூலித் தொழிலாளி ஒருவர் தம் குடிசையருகே மண்ணைத் தோண்டியபோது, மண்வெட்டியில் உலோகம் தட்டுப்பட்டது. வெளியே வந்தது ஒரு நடராசர்.

இத்தகைய பொருளை அடையாளம் காணும் குறிகள் தெளிவானவை. வலக்கால் முயலகன் என்னும் குள்ள உருவத்தின்மேல் ஊன்றி, இடக்கால் தூக்கியிருக்கும். மேற்கைகளில் உடுக்கையும் தீயும் இருக்கும். பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருந்தால், அது திருவுலாவுக்குரிய உற்சவர்.

மண்ணுக்குள் கிடந்த மூர்த்தி தெய்வமா, வெறும் உலோகமா? ஆகம மரபின்படி, வார்த்தவுடன் சிலை தெய்வமாவதில்லை; பிரதிட்டையால் தெய்வ சாந்நித்தியம் பெறுகிறது. ஆபத்துக் காலத்தில் அந்தச் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணம் என்ற சடங்கால் கும்ப நீருக்கு மாற்றிவிட்டுச் சிலையைப் புதைக்கலாம். மீண்டும் கிடைத்தால், சுத்தி செய்து மறுபடி பிரதிட்டை செய்யலாம். ஆகவே புதைப்பது கைவிடுவது ஆகாது, காப்பது.

சட்டமும் இதையொட்டிய கேள்வியைச் சந்தித்தது: மண்ணில் கிடைத்த சிலை யாருக்குரியது? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்தூர் நடராசரோ ரகசியமாக விற்கப்பட்டு லண்டன் சென்றார். அங்கே நடந்த வழக்கில் சிதிலமடைந்த பத்தூர்க் கோயிலின் சார்பிலும் உரிமை கோரப்பட்டது. சிலை பத்தூரில் கிடைத்ததுதானா என்று அறிய, அதில் ஒட்டியிருந்த மண்கூட ஆராயப்பட்டது. 1988இல் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக வந்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 1991இல் நடராசர் தமிழகம் திரும்பினார்.

ஆகமமும் நீதிமன்றமும் வெவ்வேறு வழியில் ஒரே முடிவுக்கு வருகின்றன: வழிபாடு நின்றாலும் அர்ப்பணிப்பு அழிவதில்லை. கண்டெடுத்தவர் சிலையின் உரிமையாளர் அல்லர். அது கோயிலுக்குச் சேர வேண்டியது.