காசு கட்டினால் கடமை முடிந்ததா?



எமது மண்டபத்தின் பழைய உட்சுவர்களை உடைத்த சிரமதானம் உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் இருபது பேரளவில் கூடினோம். வாசலில் பெரிய முல்டே ஒன்று வந்து நின்றது. மத்தியானத்துக்குள் அதை நிரப்பிவிட்டோம். செங்கல், பலகை, ஜிப்சம் தட்டு, வயர், பழைய கம்பளம், இரும்புக் குழாய், கடைசியில் நாம் சாப்பிட்ட சோற்றுப் பெட்டிகள், எல்லாமே ஒன்றாகப் போயின. ஏற்றிச் செல்ல வந்த சாரதி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இது கலப்புக் கழிவு, தரம் பிரித்திருந்தால் செலவு நன்றாகக் குறைந்திருக்கும் என்றார். "பரவாயில்லை, காசைக் கட்டினால் அவையள் பாப்பினம்தானே" என்றார் எங்களில் ஒருவர். நாம் எல்லோரும் தலையாட்டினோம்.

அந்தச் சொல் பிறகுதான் எம்மை உறுத்தியது. "அவையள்" என்பது யார்? எங்கோ ஒரு தரம்பிரிக்கும் கூடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, நாம் கொட்டிய தூசிக்குள் வயரையும் பலகையையும் இழுத்தெடுக்கும் ஒரு மனிதர். எம்மவரிற் சிலரும் அந்த வேலை செய்தவர்கள். நாம் கட்டிய காசு அவருடைய சம்பளமாகிறது, உண்மைதான். ஆனால் எமது சோம்பலை இன்னொருவருடைய நுரையீரலுக்கு அனுப்பும் உரிமையும் அந்தக் காசோடு கிடைக்கிறதா?

வீட்டில் நாம் இப்படியில்லை. போத்தலை நிறம் பார்த்துப் போடுகிறோம், கடதாசியைக் கட்டிவைக்கிறோம், கட்டணப் பையை அமுக்கி அமுக்கி நிரப்புகிறோம். ஆனால் சுவிசில் ஆண்டுதோறும் உண்டாகும் கழிவில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கட்டட வேலைகளிலிருந்தே வருகிறது. அதிலும் பெரும்பகுதி தோண்டிய மண்ணும் கல்லும். 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள கழிவுச் சட்டவிதிப்படி, 200 கனமீற்றருக்கு மேல் கழிவு வரும் என்றாலோ, அஸ்பெஸ்ரஸ் போன்ற நஞ்சு இருக்கலாம் என்றாலோ, கட்டட அனுமதி கேட்கும்போதே அதன் வகையையும் அளவையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எமது வேலை அந்த அளவுக்குக் கிட்டவும் வராது. ஆனால் வேலைத்தளத்திலேயே பிரிக்க வேண்டும் என்ற விதி சிறிய வேலைக்கும் உண்டு. ஒருவரும் வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பெரிய வேலையில் கவனமாகச் செய்ததைப் பார்க்க விரும்புவோர் லுசேர்ணிலிருந்து கப்பல் ஏறி, ஏரியின் மறு அந்தமான ஃபுளூலனுக்கு ஒருநாள் போய்வரலாம். 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கத்துக்காக 28 மில்லியன் தொன் கல் வெட்டி எடுக்கப்பட்டது. நல்ல கல்லை அங்கேயே உடைத்து, சுரங்கத்தின் கொங்கிறீட்டுக்குச் சல்லியாக்கினார்கள். இன்னொரு பங்கு 2001 தொடக்கம் சில ஆண்டுகளாக றொய்ஸ் ஆறு ஏரியில் விழும் இடத்தில் கவனமாகக் கொட்டப்பட்டது. சல்லி தோண்டி அரிபட்டுப் போயிருந்த கரை திரும்பவும் ஆழம் குறைந்தது. ஆறு சிறு தீவுகள் எழும்பின. சிலவற்றில் கோடைகாலத்தில் பிள்ளைகள் நீந்துகிறார்கள். மற்றவற்றில் பறவைகள் கூடு கட்டுகின்றன, மனிதர் இறங்கக்கூடாது. மலையின் வயிற்றிலிருந்து வந்த குப்பை என்று அதைப் பார்த்து ஒருவரும் சொல்லமாட்டார்கள். வின்ரர்தூரில் 2021இல் முடிந்த கே 118 என்னும் கட்டடமும் இப்படித்தான். இரும்பு வளைகள் பாசலில் இடித்த கட்டடத்தினுடையவை, வெளிப்படிக்கட்டு சூரிச்சில் கழற்றியது.

எமது கதைக்கு வருவோம். முல்டேக்குள் போகாமல் தப்பிய நல்ல பலகைகள் கொஞ்சம் இருந்தன. அவற்றில் செருப்புத் தட்டும் சமையலறைத் தட்டுகளும் செய்யலாம் என்று நிர்வாகக் கூட்டத்தில் சொன்னபோது, மூத்த அம்மா ஒருவர் எழும்பி, "கோயிலுக்குப் பழசோ தம்பி?" என்று கேட்டார். பழைய கட்டடத்துப் பொருள் சுவாமிக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதைச் சிரித்துத் தள்ள எமக்கு மனமில்லை. ஆனால் ஊரில் ஒரு வீடு பிரித்தால் பனந்தீராந்தி, ஓடு, கதவு நிலை எல்லாம் இன்னொரு வீட்டுக்குப் போனதை அந்த அம்மாவும் கண்டவர்தான். அப்போது அதைப் பழசு என்று ஒருவரும் சொல்லவில்லை, மரம் என்றுதான் சொன்னோம். இங்கே வந்த பிறகுதான் பழசு எமக்கு வெட்கமாகிப் போனது. முதற் குளிர்காலத்தில் தெருவோரத்தில் எடுத்த கதிரையில் இருந்தவர்கள் நாம். அதை மறக்கவேண்டியே இப்போது புதிதாக வாங்குகிறோமோ, எறிகிறோமோ என்றுகூட எண்ணத் தோன்றுகிறது.

இதற்காக, பழையதைத் திரும்பப் பாவிப்பது எல்லாமே புண்ணியம் என்றும் நாம் சொல்ல வரவில்லை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே திருகோணமலைக் கோட்டையைக் கட்டினார்கள். அதை ஒருவர் சிக்கனம் என்று மெச்சுவாரா? ஆகவே பொருள் எங்கே போகிறது என்பதோடு, எப்படி எம் கைக்கு வந்தது, யாருடைய மனதை நோகடித்தது என்பதையும் கேட்கவேண்டியிருக்கிறது.

அந்த அம்மாவின் மனதையும் நோகடிக்காமல், சந்நிதிக்குள் வரும் மரமெல்லாம் புதிது, வாசலிலும் சமையலறையிலும் பழையது என்று கூட்டத்தில் தீர்மானித்தோம். செருப்புத் தட்டை இரண்டு இளைஞர்கள் ஒரு பின்னேரத்தில் செய்து முடித்தார்கள். முதலில் செருப்பை வைத்தவரும் அந்த அம்மாதான். தட்டைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். சமையலறைச் சுவர் உடைக்கும் அடுத்த சிரமதானத்துக்கு ஒரு முல்டேக்குப் பதிலாக நாலு சிறிய பெட்டிகள் கேட்டிருக்கிறோம்: கல்லுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. ஆணி கழற்றுவதற்குக் குறடு வைத்திருப்போர் தயவுசெய்து கொண்டுவரவும். சோற்றுப் பெட்டிகளை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகவும்.