வினையும் மறுதாக்கமும்

மலையகத்துச் சிறு பாடசாலைகளிலே விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியரே சமயபாடமும் நடத்த நேர்வதுண்டு. அங்ஙனம் நேருங்கால் ஓருவமை எளிதில் நாவில் வந்துவிடுகின்றது. நியூற்றன் என்னும் அறிஞர் 1687ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே கூறிய மூன்றாம் இயக்கவிதி, ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமாகிய மறுதாக்கம் உண்டு என்பது. "நம் முன்னோர் கூறிய வினைக்கொள்கையும் இதுவே" என்று மேடைகளிலும் வகுப்புகளிலும் சொல்லக் கேட்கின்றோம். சைவத்தைப் பழங்கதையென்று பிறர் இகழ, மிஷன் பாடசாலைகளிலே அமர்ந்து கேட்ட எம்போல்வார்க்கு இவ்வுவமை இனிப்பது இயல்பே. விஞ்ஞானமே சாட்சி சொல்லுமாயின் வேறு சாட்சி வேண்டுமோ? ஆயினும் அச்சாட்சி மெய்ச்சாட்சிதானா என்று ஆராய்தல் ஆசிரியர் கடன்.

முதற்கண் விதியின் பொருளை நோக்குவோம். கொழுந்துக்கூடை சுமந்து மலைச்சரிவில் ஏறும் பெண் தன் பாதத்தாலே நிலத்தைப் பின்னோக்கித் தள்ளுகின்றாள். நிலம் அவள் பாதத்தை அதேயளவு விசையோடு முன்னோக்கித் தள்ளுகின்றது. மழைச்சேற்றிலே பாதம் வழுக்குங்கால், அவளால் நிலத்தை நன்கு தள்ள இயலாமையின், நிலமும் அவளைத் தள்ளுவதில்லை. அட்டனிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும் புகையிரத எஞ்சினின் சில்லு தண்டவாளத்தைப் பின்னே தள்ளத் தண்டவாளம் சில்லை முன்னே தள்ளுதலும் அத்தகையதே.

இவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். இருவிசைகளும் ஒரே கணத்தில் உளவாவன. ஒன்று முந்த மற்றொன்று பிந்துவதில்லை. அவை இருவேறு பொருள்கள்மேல் செல்வன. அளவிற் சமமாய்த் திசையில் எதிராவன. மேசைமேலுள்ள புத்தகத்தின் நிறையையும், அதனை மேசை தாங்கும் விசையையும் ஒரு சோடியென்று மாணவர் பலர் எழுதுவர். அவ்விரண்டும் புத்தகத்தின் மேலேயே செல்வன ஆகலின் அது பிழை. பூமி புத்தகத்தை இழுக்கும் விசைக்குச் சோடி, புத்தகம் பூமியை இழுக்கும் விசையே.

இனி வினையை நோக்குக. செய்த வினை சஞ்சிதமாய்க் கிடந்து, பிராரத்தமாய்ப் பின்னொருகால் நுகரப்படும். ஒரே கணத்தில் நிகழ்வதன்று. தாக்கப்பட்ட பொருளே மறுதாக்கும். வினைப்பயனோ, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடமிருந்தே வரவேண்டுமென்னும் நியதியில்லை. மறுதாக்கம் எதிர்த்திசையது, நல்வினையோ இன்பத்தையும் தீவினை துன்பத்தையும் தருவன. எல்லாவற்றினும் மேலாக, விசைக்குக் கருத்தில்லை. மூழ்குவோனைக் கரைசேர்க்கத் தள்ளிய கைக்கும், ஒருவனை ஆற்றில் வீழ்த்தத் தள்ளிய கைக்கும், தள்ளிய விசை ஒன்றாயின் மறுதாக்கமும் ஒன்றே. கருத்தை நீக்கிவிட்டால் வினை என்பதே இல்லை.

இன்னுமொன்று சைவர் கருதற்பாலது. மறுதாக்கம் எவருடைய ஆணையையும் வேண்டாது தானே நிகழும். வினையும் அவ்வாறு தானே பயன்தருமென்பது மீமாஞ்சகர் கொள்கை. நம் சித்தாந்தம் அதனை மறுப்பது. வினை சடம், தன்னைச் செய்தவன் இவனென்று அதற்குத் தெரியாது. உயிரோ தன் வினையைத் தானே தேடி எடுத்துக்கொள்ளாது. ஆகலின் பயனை உயிருக்குக் கூட்டுவான் இறைவனே. சிவஞானபோதத்தின் இரண்டாஞ் சூத்திரம் உயிர்கள் இருவினையால் வந்துபோதலை இறைவன் ஆணையோடு பொருத்திக் கூறுவது இதனாலேயே. அவன் கூட்டுவதும் பழிவாங்குதற்கன்று. மலம் பரிபாகமடைந்து உயிர் உய்தற்பொருட்டு. நியூற்றன் விதியே வினைக்கொள்கை என்போர், சைவத்துக்கு அரண் செய்வதாக எண்ணிச் சிவபெருமானை வெளியே நிறுத்திவிடுகின்றனர்.

இவ்வுவமையால் விளையும் பெருந்தீங்கு வகுப்பறையிலே உளது. மறுதாக்கம் தாக்கத்துக்குச் சமமாயின், ஒருவர் படுந் துன்பத்தின் அளவைக்கொண்டு அவர் செய்த பாவத்தின் அளவைக் கணித்துவிடலாம் என்றாகும். லயத்து அறையிலிருந்து வந்து முன்வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளை அக்கணக்கைத் தன் தாய்மேற் போட்டுப் பாராதோ? தாயின் நெற்றியிலே மாட்டிய கூடைக்கயிறு நெற்றியை எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவே நெற்றியும் கயிற்றை அழுத்தும். பௌதிகம் சொல்வது இவ்வளவே. அக்கூடை அவள் நெற்றிக்கு எவ்வாறு வந்தது என்பதை அவ்விதி சொல்லாது.

அதற்குக் காரணங்கள் வேறு. அவை வரலாற்றிலே தெளிவாக உள்ளன. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள்சேர்த்த கங்காணி முறையும், தொழிலாளரைக் கடனால் கட்டிவைத்து 1921இல் சட்டத்தால் விலக்கப்பட்ட துண்டு முறையும் அவற்றுட் சில. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் ஒப்பந்தஞ் செய்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்களை எண்ணிப் பங்கிட்டனர். எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. இவையெல்லாம் மனிதர் செய்தவை, மனிதரால் திருத்தத்தக்கவை.

சிவிகை சுமப்பானையும் ஊர்வானையும் காட்டும் திருக்குறளின் 37ஆம் பாட்டை நினைவுகூர்க. அறத்தின் பயன் அவ்விருவரிடத்தும் கண்ணாலேயே காணப்படும் என்றார் பரிமேலழகர். அவ்விருவரையுங் காட்டி அறத்தின் பயன் இதுவென்று சொல்லற்க என்று பொருள்கொண்டாரும் உளர். சுமப்பவரின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம் பின்னதனை மறத்தலாகாது.

அங்ஙனமாயின் பிராரத்தம் பொய்யோ எனின், அன்று. எவருடைய எவ்வினை எவ்வாறு கனிந்ததென்னும் கணக்கு இறைவனுடையது. நம் கையிலுள்ளது இன்று ஈட்டும் ஆகாமியம். ஆகவே வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் தானே நோக்கும் கண்ணாடி. பிறர்மேல் எறியும் கல்லன்று. "உன் தலைவிதி" என்று ஒரு பிள்ளையிடஞ் சொல்லுதலும் ஒரு வினையே. அதன் பயன் சொன்னவர்க்குச் சேரும்.

ஆசிரியர்காள்! பௌதிக வேளையிலே விசையைத் திருத்தமாகக் கற்பியுங்கள். சமய வேளையிலே சிவபெருமானின் அருளை முன்வைத்து வினையைக் கற்பியுங்கள். ஒன்றற்கு மற்றொன்று சாட்சியாக வேண்டுவதில்லை. அப்பிள்ளை இரண்டையும் கற்றுத் தலைநிமிர்ந்து வீடு செல்வதே நாம் செய்யும் சிவதொண்டு.