மறுக்க முடிந்தவரின் சம்மதம்

எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டிச் சற்று தூரம் போனால் ஆந்திரம் வந்துவிடும். அந்த ஊர் வழியே செல்லும் சென்னை–கூடூர் ரயில் பாதையில்தான் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பகுதிக் குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு வந்து சேர்கின்றன. ஊரிலேயே தரகரிடம் முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கடன் தீரும்வரை வெளியே விடாத சூளைகளிலிருந்து கொத்தடிமைகளை அதிகாரிகள் மீட்டதுண்டு. அப்போது எழும் மறுப்பு எங்கும் ஒன்றுதான்: யாரும் இழுத்து வரவில்லை, அவர்களாகவே வந்தார்கள்.

வந்தது உண்மை. அது அவர்கள் விருப்பமா?

விருப்பம் என்று ஒன்று உண்டா என்பதே பழைய கேள்வி. எல்லாம் நியதிப்படியே நடக்கும், முயற்சிக்கு அதில் இடமில்லை என்றார் மற்கலி கோசாலர். புத்தர், மகாவீரர் காலத்தவர். அவர் வழிவந்த ஆசீவகர்கள் தென்னாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். மணிமேகலை அவர்கள் கொள்கையைப் பதிவு செய்கிறது. நீலகேசி வாதிட்டு மறுக்கிறது. மிகக் கூர்மையான மறுப்போ சமணரின் உவாசகதசா ஆகமத்தில் இருக்கிறது. சத்தாலபுத்தன் ஓர் ஆசீவகக் குயவன். அவனுடைய பானைகளைக் காட்டி, இவை முயற்சியால் ஆனவையா என்று கேட்கிறார் மகாவீரர். இல்லை, நியதியால் என்கிறான். ஒருவன் இவற்றைத் திருடினால், உடைத்தால்? அடிப்பேன், கட்டிவைப்பேன் என்கிறான். எல்லாம் நியதி என்றால் அவன்மேல் என்ன குற்றம்? குயவனிடம் பதில் இல்லை.

நம் பானை உடையும்போது நியதியை மறந்துவிடுகிறோம். அடுத்தவர் வாழ்க்கை உடையும்போதுதான் விதி நினைவுக்கு வருகிறது. வள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் பிடியைச் சொன்னவர், 62ஆம் அதிகாரத்தில் தளராத உழைப்பு அந்தப் பிடியையும் தளர்த்தும் என்கிறார். சூளைத் தொழிலாளி தளராமல்தான் உழைக்கிறார். பலனைக் கடன் விழுங்குகிறது.

விருப்பம் நம்முடையதுதானா என்ற ஐயம் அறிவியலிலும் உண்டு. அசைய வேண்டும் என்ற எண்ணத்தை நாம் உணர்வதற்கு முன்பே மூளையில் அதற்கான மின்குறி எழுகிறது என்று நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் காட்டினார். விரலசைவுக்கு அது பொருந்தலாம். முன்பணமோ காய்ந்த நிலத்தைப் பார்த்து, பல நாள் யோசித்து வாங்குவது.

வேறு வழியில்லாமல் தரும் சம்மதம் விருப்பமா என்ற கேள்வியைச் சரியாகத் தொட்டது 1982இல் வந்த ஒரு தீர்ப்பு. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதி, பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்வதும் பலவந்தமே என்றார். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால், அது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு. சாட்டையும் சங்கிலியும் தேவையில்லை. விருப்பத்தை மனத்துக்குள் தேடாமல், மறுக்க முடிந்ததா என்று பார்த்த தீர்ப்பு அது.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணக் கடன் செல்லாது. மீட்கப்பட்டவருக்கு விடுவிப்புச் சான்றிதழும், உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும் உண்டு. முழு மறுவாழ்வுத் தொகை கிடைக்கவோ, வழக்கில் தண்டனை உறுதியாக வேண்டும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தால், அதற்குள் அடுத்த சூளைப் பருவம் வந்துவிடும், தரகரும் வந்துவிடுவார். தீர்ப்போடு தொகையைக் கட்டிப்போட்டிருக்கும் இந்த நிபந்தனையை அரசு நீக்க வேண்டும். தரகரிடம் முடியாது என்று சொல்ல, அவர் வருவதற்கு முன்பே அந்தப் பணம் தொழிலாளியின் கைக்கு வந்தாக வேண்டும்.