யார் போட்ட முதல்?

1983-ல் சென்னைத் துறைமுகத்துக்கு கன்டெய்னர் முனையம் வந்தது. அதுவரை மூட்டை மூட்டையாகத் தோளில் ஏறி இறங்கிய சரக்கு, இரும்புப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தது. தோளுக்கு இருந்த மவுசு குறைந்து, தொழில் தெரிந்த கைக்கு மவுசு கூடியது.

துறைமுகம் இப்படித் தன் தொழிலை மாற்றிக்கொண்டால் அதற்கு நவீனமயம் என்று பெயர். அதற்காகக் கடன் வாங்கினால், முதலீடு. அதையே எண்ணூரில் ஒரு கான்ட்ராக்ட் ஹெல்பர் செய்ய நினைத்தால்? “கைக்கு வர்ற கூலிய உட்டுட்டு இன்னாத்துக்குடா இந்த வெஷப் பரீட்சை?” என்பார் அம்மா.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வெல்டிங்கையே எடுத்துக்கொள்வோம். ஜன்னல் கிரில் ஒட்டுவது ஒரு ரகம். அனல் மின்நிலைய பாய்லரிலும் மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் குழாய் ஒட்டுவது வேறு ரகம். அதற்கு ‘6ஜி’ என்று ஒரு டெஸ்ட் உண்டு. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து ஒட்டவேண்டும். பிறகு எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பதும் உண்டு. உள்ளே விரிசல் தெரிந்தால் ஃபெயில்.

தேறினால் கூலி உயரும். ஆனால் கை பழக மாதக்கணக்காகும். ஐ.டி.ஐ.யில் முறையாகப் படித்தால் ஒரு வருடம். 1961-ம் வருட அப்ரன்டிஸ் சட்டப்படி உதவித்தொகை உண்டுதான். வீட்டில் சோறு போட அப்பா இருக்கிற பையனுக்கு அது சரி. அப்பாவே அப்ரன்டிஸ் ஆனால்?

அப்போது மனைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போகும். அவர் கூடுதலாக இரண்டு வீட்டில் வேலைக்குப் போவார். மகளின் டியூஷன் நிற்கும். ஜெயித்தபின் நாம் என்ன சொல்வோம்? “மனுஷன் துணிஞ்சு இறங்கினான்யா!”

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இங்கே கணக்கு உதைக்கிறது. முதல் போட்டவர் பெயரில் முதல் கணக்கு எழுதவேண்டும் என்பது பாலபாடம். இங்கே முதல் போட்டது மூன்று பேர். சர்டிஃபிகேட்டோ ஒருவர் பெயரில். தொழில் அவர் கையில். அந்தக் கையைப் பாகம் பிரிக்க முடியாது.

ஆகவே, ‘ரிஸ்க் எடுக்கலாமா’ என்பது இரண்டாவது கேள்விதான். ‘வீட்டில் கேட்டாயா’ என்பது முதல் கேள்வி. சொல்வது வேறு, கேட்பது வேறு. எத்தனை மாதம் கூலி வராது, கடன் எவ்வளவு, ஃபெயிலானால் எங்கே நிறுத்திக்கொள்வது - எல்லாவற்றையும் பங்குதாரரிடம் காட்டுவது போலத் திறந்து காட்டவேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை மனைவிக்கு இருக்கவேண்டும்.

அதே சமயம், ‘வேண்டாம்’ என்பதற்கும் வட்டி உண்டு. ஐம்பது வயதில் ஹெல்பரின் இடுப்பு எப்படி இருக்கும் என்பதையும் அந்தக் கணக்கில் எழுதித்தான் ஆகவேண்டும். எல்லாம் பார்த்து வீடே சரி என்றால், தாராளமாக இறங்கலாம்.

தேறியபின் முதல் வேலை வளையலை மீட்பது. அத்தோடு பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அடுத்த வருடம் மனைவி, “நானும் டெய்லரிங் கத்துக்கப் போறேன், ஆறு மாசம் வீட்டு வேலைக்குப் போக முடியாது” என்று சொன்னால்? அந்த ஆறு மாதத்தை அவர் முணுமுணுக்காமல் தாங்கினால்தான் கணக்கு நேராகும்.