இரும்பு உட்காரும் இடம்

ராமாபுரம் இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், ஹனூர் தாலுகாவில் இருக்கிறது. 1997இல் அந்த மாவட்டம் பிரியும்வரை அது மைசூர் மாவட்டத்து ஊர். 1956 நவம்பர் 1க்கு முன்போ, கொள்ளேகால் வட்டாரத்தோடு சேர்ந்து கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் இருந்தது. வரைபடம் எப்படி மாறினாலும் சுற்றியிருக்கும் காடு மாறவில்லை. காடு இருந்ததால் துப்பாக்கியும் இருந்தது. வேட்டைக்கு வந்த துரைமார், பன்றியிடமிருந்து பயிரைக் காத்த குடியானவர்கள், பிறகு கடத்தல்காரர்களும் காவல்படையும். 1992 மே மாதம் ராமாபுரம் காவல் நிலையத்தை வீரப்பன் கும்பல் தாக்கிக் காவலர்களைக் கொன்று ஆயுதங்களை அள்ளிச் சென்றது இந்த வட்டாரம் மறக்காத செய்தி.

இந்தப் பக்கத்து உரிமக்காரர் ஒருவரிடம் பழைய ரைபிள் இருந்தால், பெரும்பாலும் அதன் இரும்பு நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது மரம்தான். பிடியருகே விரிசல் விழும், எண்ணெய் ஊறி மரம் மெத்தென்று ஆகிவிடும், திருகுத் துளை அகன்றுவிடும். புதிய கட்டை, அதாவது ஸ்டாக், வாங்கி மாட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் நேற்றுவரை குறி தவறாத ரைபிள் இன்று இஷ்டத்துக்குச் சுடுகிறது. குழல் பழுதென்றும் தோட்டா மட்டமென்றும் பேச்சு எழும். கோளாறு பெரும்பாலும் இரண்டிலும் இருக்காது. இரும்பு மரத்தில் உட்கார்ந்த விதத்தில் இருக்கும்.

அது ஏன் என்பதை அறிய, சுடும் அந்தக் கணத்தைப் பார்க்க வேண்டும். தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 டன். குண்டு குழலை விட்டு வெளியேற ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. அதற்குள் குழல் அதிர்கிறது, ஆக்‌ஷன் எனப்படும் இயங்குபகுதி பின்னால் உதைக்கிறது. அதிர்வை நிறுத்த முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிரும்படி செய்ய முடியும். துல்லியம் என்பது இந்த ஒரே மாதிரித்தனம்தான். 60 செ.மீ. நீளக் குழலின் முனை 0.1 மி.மீ. மட்டும் திசை விலகினால்கூட, 100 மீட்டரில் குறி 1.7 செ.மீ. தள்ளிப்போகும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் இரும்பு மரத்துக்குள் முடியளவு நகர்ந்தாலும் அது குறிப்பலகையில் தெரிந்துவிடும்.

அடுத்தது மரத்தின் குணம். நல்ல கட்டைகளுக்கு வால்நட் மரத்தைத்தான் விரும்புவார்கள். எடையைப் பார்க்கையில் உறுதியானது, உதையைத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் மரம் மரம்தான். ஈரம் ஏறினால் நாருக்குக் குறுக்கே வீங்கும், காய்ந்தால் சுருங்கும். நார் ஓடும் நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு. மழைக்காலத்தில் சட்டத்தில் இறுகும் கதவை அறியாத வீடு உண்டா? பங்குனி வெயிலில் பொருத்திய கட்டை ஐப்பசி மழையில் ஒரு பக்கம் வீங்கிக் குழலைத் தள்ளும். திருகை இறுக்கினால், மரம் நசுங்கும் அளவுக்கு இரும்பும் வளையும்.

இதற்கு விடை கண்ட வழிகள் இரண்டு. முதலாவது, அழுத்திப் பிடிக்கும் வழி. நம் நாட்டில் அதிகம் புழங்கிய லீ-என்ஃபீல்டு அப்படிப்பட்டது. வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் பல பத்தாண்டுகள் உருவான .303 இதுதான். ராணுவத் தோட்டா தனியாருக்குக் கிடைக்கக்கூடாது என்ற வெள்ளையர் காலத்துக் கட்டுப்பாட்டால் பிறந்த .315 ரைபிளுக்கும் அடிப்படை இதுவே. காவல்துறையில் .303 எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கு ஒரு தகவல் போதும்: உத்தரப்பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில்.

லீ-என்ஃபீல்டின் கட்டை இரண்டு துண்டு. தோளில் அழுந்தும் பின்கட்டையை ஒரு நீண்ட போல்ட் இயங்குபகுதியோடு பிணைக்கும். குழலுக்கு அடியில் போகும் முன்கட்டை தனி. உதையைத் தாங்குவது முன்கட்டையின் பின்கோடியில் இருக்கும் இரண்டு சிறிய மரமுகங்கள். இரண்டும் இரும்பில் சமமாக முட்ட வேண்டும். ஒன்று முட்டி மற்றது முட்டாவிட்டால், ஒவ்வொரு வெடியிலும் இயங்குபகுதி ஒரு பக்கமாகத் திரும்பும், நாளடைவில் கட்டை பிளக்கும். ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை மென்மையான உள்நாட்டு மரத்துக்கு மாறியபோது, இந்த முகங்கள் நசுங்காமல் இருக்கச் செம்புத் தகடு வைத்தது. குழல் முனையருகே ஒரு சுருள்வில் குழலை மேல்நோக்கித் தள்ளியபடி இருக்கும். அந்தத் தள்ளல் எப்போதும் ஒரே அளவாக இருக்கும்வரை குறியும் ஒரே இடத்தில் விழும்.

பழைய .303இல் பின்கட்டையை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. பின்கட்டை போல்டின் சதுரமுனை முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் பூட்டிக்கொண்டிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். முதலில் முன்கட்டை, பிறகுதான் பின்கட்டை.

இரண்டாவது வழி, தொடாமல் விடும் வழி. மாஸர் வகை ரைபிள்களிலும் அவற்றின் வழிவந்த இன்றைய வேட்டை ரைபிள்களிலும் கட்டை ஒரே துண்டு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த .275 ரிக்பி இந்த மாஸர் குடும்பத்தைச் சேர்ந்தது. பெங்களூரிலிருந்து சேலம், கொள்ளேகால் மலைகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் வேறு சாதி. நெம்புகோல் இழுப்பும் இரட்டைத் துண்டுக் கட்டையும் கொண்டது. இங்கே சொல்லும் முறை அதற்குப் பொருந்தாது.

மாஸர் வகையில் இயங்குபகுதியின் அடியில் ஒரு இரும்புப் பல் நீட்டிக்கொண்டிருக்கும். ரீகாயில் லக் என்பார்கள். உதை முழுவதையும் மரத்துக்குக் கடத்துவது அதன் பின்முகம். இயங்குபகுதி மட்டும் உறுதியாக உட்கார்ந்து, குழல் எங்கும் மரத்தைத் தொடாமல் மிதக்க வேண்டும். கடையில் வாங்கும் புதிய கட்டை சராசரி அளவுக்குக் குடையப்பட்டது. உங்கள் ரைபிளுக்கென்று குடைந்ததல்ல. அந்த இடைவெளியை நிரப்பி, இரும்பின் வடிவத்துக்கே அச்சு எடுப்பதுதான் பெட்டிங்.

வேலை இப்படி நடக்கும். முதலில் அறையும் மேகஸினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்டை உருவி வைப்பார்கள். இரும்பின் அடியில் விளக்குக்கரி பூசிக் கட்டையில் வைத்து எடுத்தால், முட்டும் இடங்கள் கறுப்பாகத் தெரியும். அவற்றைச் சுரண்டி மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். அவசரப்பட்டு உளியை அழுத்தினால் போன மரம் திரும்பாது. திருகுத் துளைகளைப் பெரிதாக்கி அலுமினியக் குழாய்த்துண்டுகளைப் பதிப்பார்கள். இனித் திருகை இறுக்கும்போது உலோகம் உலோகத்தின்மேல் அழுந்தும், மரம் நசுங்காது.

பிறகு இயங்குபகுதி உட்காரும் பரப்பில் சில மில்லிமீட்டர் மரத்தை எடுத்துவிட்டு, அங்கே உலோகத்தூள் கலந்த எபாக்ஸி பசையை நிரப்புவார்கள். அதற்குமுன் இரும்பெங்கும் மெழுகோ ஷூ பாலிஷோ பூசியிருக்க வேண்டும். துளைகளையும் பள்ளங்களையும் களிமண் போன்ற பிளாஸ்டிசினால் அடைத்திருக்க வேண்டும். இந்த ஒரு படியை விட்டவருடைய ரைபிளும் கட்டையும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். ரீகாயில் லக்கின் முன்முகம், இரு பக்கங்கள், அடி ஆகியவற்றில் டேப் ஒட்டுவதும் கட்டாயம். பசை காய்ந்து டேப்பை உரித்தபின் அந்தப் பக்கங்களில் இடைவெளி இருக்கும், பின்முகம் மட்டும் முழுவதும் முட்டும். குழலைச் சுற்றி டேப் சுற்றி நடுவில் நிறுத்துவார்கள். திருகுகளை இழுத்து இறுக்க மாட்டார்கள். இறுக்கினால் வளைந்த இரும்பின் அச்சுதான் பதியும். ஒரு நாள் காயவிட்டுத்தான் பிரிப்பார்கள். இயங்குபகுதியின் வால்முனைக்குப் பின்னால் மெல்லிய இடைவெளி விடுவதையும் மறக்கக்கூடாது. அங்கே முட்டினால் பிடியருகே விரிசல் நிச்சயம்.

சரியாக வந்ததா என்று பார்க்க மூன்று சோதனைகள். ஒரு ரூபாய் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து முனையிலிருந்து இழுத்தால், இயங்குபகுதிவரை தடையின்றி ஓட வேண்டும். குழலும் கட்டையும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு முன் திருகைத் தளர்த்தி இறுக்கினால் எந்த அசைவும் தெரியக்கூடாது. டயல் கேஜ் வைத்துப் பார்க்கும்போது 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் மறுபடி வேலை இருக்கிறது. மூன்றாவது சோதனை துப்பாக்கிச் சுடுதளத்தில். குளிர்ந்த குழலில் ஐந்து சுட்டு, கட்டையைக் கழற்றி மாட்டி, திருகுகளை அதே அளவுக்கு இறுக்கி மறுபடி ஐந்து சுட வேண்டும். இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் விழுந்தால் பெட்டிங் தேறியது.

கட்டை இரும்புக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, ஆளுக்கும் பொருந்த வேண்டும். .303இன் பின்கட்டையையே ராணுவம் நீளம், சாதாரணம், குட்டை எனப் பல அளவுகளில் செய்தது. குதிரைக்கும், அதாவது ட்ரிக்கருக்கும், தோளுக்கும் உள்ள தூரம் அதிகமானால் கழுத்து நீளும், குறைந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். டெலஸ்கோப் மாட்டுபவருக்குக் கன்னம் படியும் இடம் உயர வேண்டும். தாடை மிதந்தால் கண் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும்.

இனிச் சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த மலைகளில் வேட்டை குற்றம். ராமாபுரத்தைச் சுற்றிய காடுகளில் காவிரி சரணாலயம் 1987இலும் மலை மாதேஸ்வரா சரணாலயம் 2013இலும் அறிவிக்கப்பட்டன. ஆகவே இந்தக் கைத்திறனுக்கு இங்கே இருக்கும் இடம் சுடுதளமும் உரிமம் பெற்ற தற்காப்பு ரைபிளும்தான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். கட்டை மாற்ற நினைத்தால் தெரிந்த ஆசாரியிடம் கொடுக்காமல், உரிமம் உள்ள துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். விலை பேசும்போது கட்டையின் பாலிஷைப் பார்க்காமல், ரீகாயில் லக்குக்குப் பின்னால் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.