எஞ்சின் மாறினால் கார் மாறுமா?

அம்பாசடர் கார் 1957-ல் வங்காளத்தின் உத்தரபாராவில் தயாராகத் தொடங்கி 2014-ல் நின்றது. இடைப்பட்ட காலத்தில் அதற்கு 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின், டீசல் எஞ்சின், 1990-களில் இசுசூவின் 1.8 லிட்டர் எஞ்சின் என்று பல வந்தன. பெயர் மாறவில்லை. சென்னையின் ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1972-ல் செய்தது இதற்கு நேர்மாறு. தன் ஹெரால்ட் காரின் 948 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு, தனித்தனியே ஏறி இறங்கிய பின் சக்கரங்களை ஒரே ஆக்சிலில் கோத்தது. தோற்றத்தையும் சற்றுத் திருத்தி, கெசல் என்று புதுப்பெயர் வைத்தது. ஒரு பொருளை அதுவாகவே வைத்திருப்பது எது?

பழைய அம்பாசடரில் வலுவான புது எஞ்சினைப் பொருத்துவோருக்கு இந்தக் கேள்வி பட்டறையிலேயே எழுகிறது. அதன் பின்புற லீஃப் ஸ்பிரிங்குகளுக்கு இரண்டு வேலை: பாரத்தைத் தாங்குவது, ஆக்சிலை இடம் பெயராமல் பிடித்துக்கொள்வது. சக்கரம் முன்னே உருளும்போது ஆக்சிலின் கூடு எதிர்த்திசையில் முறுகப் பார்க்கும். ஐம்பது குதிரைத்திறன் அளவிலான பழைய எஞ்சினின் முறுக்கை ஸ்பிரிங் பட்டைகள் பொறுத்துக்கொண்டன. அதைப் போல இரு மடங்கு வந்தால் அவை நெளிகின்றன, சக்கரம் துள்ளுகிறது. அதனால் சுமைக்குக் காயில் ஸ்பிரிங், ஆக்சிலைப் பிடிக்க நான்கு தண்டுகள், பக்கவாட்டில் நகராமல் இருக்க ஒரு குறுக்குத் தண்டு என்று வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். தண்டுகள் சேரும் இடத்தில் தளத்தகட்டையும் வலுப்படுத்த வேண்டும். பிரேக்கும் தப்பாது.

இதே கேள்வி பழைய தத்துவத்திலும் உண்டு. சக்கரமோ அச்சோ நுகமோ தேர் அல்ல, அவற்றுக்கு அப்பாலும் தேர் இல்லை, அது வழக்கில் உள்ள ஒரு பெயர் என்றார் மிலிந்த அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர். உறுப்புகளில் உறைந்தாலும் முழுமை அவற்றினும் வேறான ஒரு பொருள் என்பது வைசேஷிகம் என்ற தத்துவ மரபு. வெறும் பெயர்தான் என்றால், முன்னே எஞ்சின் மாறியதற்குப் பின்னே ஆக்சில் ஏன் அசைய வேண்டும்? உறுப்புகளைப் பிணைக்கும் ஒழுங்கு உண்மையானது. இந்த அளவில் வைசேஷிகமே பட்டறைக்கு நெருக்கமானது. ஆனால் ஓர் உறுப்பு போனாலே பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கிறது என்று அது மேலும் செல்வதை ஏற்பது கடினம்.

ஏன் கடினம் என்பதற்கு, திண்டுக்கல்–மதுரைச் சாலையையொட்டிய காந்திகிராமத்தை எடுத்துக்கொள்ளலாம். டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய பணி அது. 1956-ல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் எழுந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஆசிரியரும் மாணவரும் மாறினர், கட்டடங்கள் பெருகின. கிராமத்துக்கான கல்வி என்ற நோக்கம் அறுபடாததால் அதை அதே காந்திகிராமம் என்கிறோம். அறுபடாத வரலாறும் தொடரும் பயனுமே ஒன்றை அதுவாக வைத்திருக்கின்றன. அவ்வகையில் எஞ்சின் மாறிய அம்பாசடரும் அம்பாசடரே.

ஆனால் அந்த வரலாற்றை மறைத்தால் பெயர் பொய்யாகிவிடும். மாறியது எது என்று சொன்னால்தான் பழைய பெயரைச் சொல்ல உரிமை உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எனவே வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி உண்டா என்று கேளுங்கள்; விற்கும்போது வாங்குபவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.